பஞ்சில் பிறந்த ஸ்டீரிங்

ஜலகண்டாபுரம் தறிக்காரர்கள் ஊர். மேட்டூர், எடப்பாடி, தாரமங்கலம் என்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தறிச் சத்தம் காதில் விழாமல் கடைவீதிக்குப் போய்ச் சேர முடியாது. அந்தத் தறியில் ஓடும் பருத்தி நூலும், எழுபது எண்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் கார் ஒன்றின் தந்த நிற ஸ்டீரிங்கும் சொந்தக்காரர்கள் என்றால் சட்டென்று நம்ப மாட்டோம். ஆனால் உண்மை. இரண்டுக்கும் மூலம் செல்லுலோஸ்.

பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ்தான். ஜின்னிங் மில்லில் நீளப் பஞ்சைப் பிரித்தெடுத்த பிறகும் விதையின் மேல் குட்டையான பஞ்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நூலாக நூற்க முடியாது. வேதியியல் ஆலைக்கு அதுவே போதும். அசிட்டிக் அன்ஹைட்ரைடு என்ற திரவத்தோடு, சிறிது கந்தக அமிலத்தின் துணையில் வினைபுரிய விட்டால் செல்லுலோஸ் அசிடேட் கிடைக்கும். முதல் உலகப் போரின்போது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டிரைஃபஸ் சகோதரர்கள் இதைக் கரைசலாக்கி, விமான இறக்கைத் துணியில் பூசுவதற்குக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் விமானத்துக்குத் தேவை குறைந்தது. அதே சரக்கை நூலாக இழுத்து ஜவுளிக்குத் திருப்பிவிட்டார்கள். 1930களில் அமெரிக்காவின் டென்னஸி ஈஸ்ட்மன் நிறுவனம் அதை ‘டெனைட்’ என்ற பெயரில் வார்ப்பு பிளாஸ்டிக்காக விற்றது. இரும்பு வளையத்தை அச்சுக்குள் வைத்து, சுற்றிலும் உருகிய டெனைட்டைச் செலுத்தினால் கைக்கு வழுவழுப்பான, எந்த நிறமும் ஏற்கக்கூடிய ஸ்டீரிங் தயார்.

அதற்கு முன்னால் மரமும் எபனைட்டும். எபனைட் என்பது கந்தகத்தை அளவுக்கு மேல் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். அதற்கும் முன்னால் ஸ்டீரிங் என்று வட்டமாக ஒன்றே கிடையாது. 1886இல் கார்ல் பென்ஸ் ஓட்டிய வண்டியைத் திருப்பியது ஒரு கைப்பிடி. 1894 ஜூலையில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த போட்டியில் ஆல்ஃபிரட் வாஷெரோன் என்பவர் தன் பனார் வண்டியில் சக்கர வடிவ ஸ்டீரிங்கைப் பொருத்தி ஓட்டினார். கைப்பிடி இருந்த இடத்துக்கு வளையம் வர அதிக காலம் ஆகவில்லை. காரணம் எளிது. கைப்பிடியை ஓரளவுக்கு மேல் திருப்ப முடியாது. வளையத்தைப் பல சுற்று சுற்றலாம். அப்படியானால் இடையில் பல்சக்கரம் வைத்துக் கைக்குச் சுமையைக் குறைக்கலாம்.

நம் நாட்டுக்கு இந்த வளையங்கள் மொத்தமாக வந்து இறங்கிய கதை தனி. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. பிறகு பிரீமியர் நிறுவனம் டாட்ஜ், பிளிமத் வண்டிகளைப் பூட்டியது. அதன் பின் நமக்குப் பழக்கமான மூன்று: உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இன்று சேலம், நாமக்கல் பக்கம் பழைய கார் என்று ஷெட்டில் துணி போர்த்தி நிற்பது பெரும்பாலும் இந்தக் குடும்பங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். துணியை விலக்கிக் கதவைத் திறந்தால் பெயிண்ட் நன்றாக இருக்கலாம், சீட் மாற்றியிருக்கலாம். ஸ்டீரிங்கில் மட்டும் விரிசல் இருக்கும். அதுவும் அநேகமாக ஒரே இடத்தில், கம்பி வந்து வளையத்தைத் தொடும் முனையில்.

ஏன் அங்கே?

இரும்பு ஒரு டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். செல்லுலோஸ் அசிடேட் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் நீளும், எட்டு மடங்கு. 17 அங்குல ஸ்டீரிங்கின் வளையத்தை வெட்டி நிமிர்த்தினால் சுமார் 1.3 மீட்டர் நீளம் வரும். மார்கழி விடியலில் 20 டிகிரி, சித்திரை மதியத்தில் மூடிய காருக்குள் 55 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இது மிகைப்படுத்திய கணக்கு இல்லை. 2018இல் அமெரிக்காவின் அரிசோனாவில் வெயிலில் நிறுத்திய கார்களை அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஸ்டீரிங் சராசரியாக 53 டிகிரியைத் தொட்டது, டேஷ்போர்டு 69. நம் ஊர் மே மாதம் அதற்கு ரொம்பப் பின்தங்கியதில்லை. ஆக 35 டிகிரி வித்தியாசம். இரும்பு அரை மில்லிமீட்டர் நீள விரும்பும், மேலே போர்த்திய பிளாஸ்டிக் நாலரை மில்லிமீட்டர் நீள விரும்பும். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பொருள்களுக்கு இடையே நாலு மில்லிமீட்டர் சண்டை.

இந்தச் சண்டையில் இரும்பு அசையாது. பிளாஸ்டிக்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. வெயிலில் காய்ந்து வெடித்தது என்று சொல்கிறோமே, வெயில் நேரத்தில் பிளாஸ்டிக் விரிந்து தளர்வாகத்தான் இருக்கிறது. அது உருகிய நிலையில் இரும்பின் மேல் வார்க்கப்பட்டது. ஆறியபோது சுருங்கப் பார்த்தது, உள்ளே இருந்த வளையம் சுருங்க விடவில்லை. ஆலையை விட்டு வந்த நாளிலிருந்தே அது இழுபட்ட நிலையில் இருக்கிறது. குளிர்ந்தால் இழுப்பு கூடும். எனவே பிளாஸ்டிக்கைக் கெடுப்பது பகல், உடைப்பது பின்னிரவு.

புதிய பிளாஸ்டிக் இந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். நெகிழ்வுக்காக அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். வருஷக்கணக்கில் வெயில் பட்டுப் பட்டு அந்த எண்ணெய் மெல்ல வெளியேறிவிடுகிறது. கிழட்டு ஸ்டீரிங் கையில் பிசுபிசுப்பதற்கு இது ஒரு காரணம். வியர்வையும் அழுக்கும் மீதிக் காரணம். நெகிழ்வு போன பிறகு எங்கே இழுப்பு குவிகிறதோ அங்கே பிளக்கும். 1913இல் இங்கிலிஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் உலோகத் தகட்டில் ஓட்டை இருந்தால் அதன் கூரான முனையில் இழுவிசை பல மடங்காகப் பெருகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1921இல் கிரிஃபித் அதைக் கண்ணாடியில் சோதித்து, விரிசல் எப்போது தானாக ஓடத் தொடங்கும் என்று சொன்னார். கம்பி வளையத்தில் சேரும் இடம் ஒரு மூலை. தடிமனும் அங்கே சட்டென்று மாறுகிறது. இங்கிலிஸ் கணக்குக்கு ஸ்டீரிங் விலக்கல்ல.

இதோடு வேதியியலும் கைகொடுக்கிறது, கெடுதலுக்கு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் செல்லுலோஸ் அசிடேட் தன்னில் சேர்த்த அசிட்டிக் அமிலத்தை மறுபடி கக்கத் தொடங்கும். அதுதான் வினிகர் வாசனை. கக்கிய அமிலம் மேலும் கக்குவதைத் தூண்டும். சினிமாப் பிலிமுக்கும் இதே நோய் உண்டு. 1948இல் கோடாக் நிறுவனம் தீப்பிடிக்காத ட்ரைஅசிடேட் பிலிமைக் கொண்டுவந்தது. பத்து வருஷத்துக்குள் அது அழுகுகிறது என்ற முதல் புகார் வந்தது இந்திய அரசிடமிருந்து. நம் சூட்டிலும் புழுக்கத்திலும் வைத்த சுருள்கள். சேலத்தில் 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் படச்சுருளும், அந்தக் காலத்து நட்சத்திரம் ஏறி வந்த வண்டியின் ஸ்டீரிங்கும் ஒரே வேதியியல் குடும்பம் என்பது எனக்கு ஒரு தனி சந்தோஷம். டெனைட்டின் இன்னொரு வகையில் அசிட்டிக் அமிலத்தோடு பியூட்டிரிக் அமிலமும் உண்டு. அது கெட்டால் ஊசிப்போன வெண்ணெய் நாற்றம் வரும். பழைய மஞ்சள் கைப்பிடி ஸ்க்ரூடிரைவர்களைப் பூட்டி வைத்த பெட்டியைத் திறக்கும்போது மூக்கைச் சுளிக்க வைப்பதும் அதே நாற்றம்தான்.

எபனைட் வளையத்தின் நோய் வேறு. வெளிச்சத்தில் அதன் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் கந்தக அமிலமாகிறது. கருகருவென்று இருந்தது பாசிப்பச்சை கலந்த பழுப்பாக மாறும். அமிலம் விரிசல் வழியே இறங்கி இரும்பைத் தொட்டால் துரு. துரு, தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். உள்ளிருந்து ஆப்பு வைத்தாற்போல் விரிசலை இன்னும் அகட்டும்.

ஆகவே வேலையைத் தொடங்கும் முன் கையில் இருப்பது எது என்று தெரிந்தாக வேண்டும். தேய்த்துச் சூடாக்கினால் கந்தக வாசனை வந்தால் எபனைட். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு, அதாவது நைட்ரோசெல்லுலோஸ். அதன் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. வெளியே தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு இளகினால் செல்லுலோஸ் வகை. எபனைட்டும் பேக்கலைட்டும் அசையாது. இந்தச் சோதனையில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. பெயிண்டர் பட்டறையில் எதையும் முதலில் தின்னர் போட்டுத் துடைப்பது வழக்கம். தகரத்துக்கு அது சரி. செல்லுலோஸ் ஸ்டீரிங்கைத் தின்னர் துணியால் துடைத்தால் அழுக்கோடு ஸ்டீரிங்கும் கொஞ்சம் துணியில் வந்துவிடும். வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும்.

கழற்றுவது தனிக் கலை. ஹாரன் பட்டனை எடுத்துவிட்டால் நடுவில் ஒரு பெரிய நட். அதற்கு முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்றி, முன் சக்கரங்களை நேராக நிறுத்தி, தண்டிலும், கம்பிகள் சேரும் நடுக் குடத்திலும் ஒரே கோட்டில் உளியால் ஒரு கீறல் போட வேண்டும். திரும்பப் பூட்டும்போது அந்தக் கீறல்தான் சாட்சி. நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலைந்து புரி மிச்சம் வைத்துவிட்டு, ஸ்டீரிங்கை இழுத்தெடுக்கும் புல்லரை மாட்டுவார்கள். பல வருஷமாகப் பல்காடியில், அதாவது தண்டும் குடமும் பல்லோடு பல் கோத்த இடத்தில், இறுகிக் கிடந்த ஸ்டீரிங் விடுபடும்போது துப்பாக்கிச் சத்தம் போல ‘டொப்’ என்று எகிறும். மிச்சம் வைத்த நட் இல்லை என்றால் அது நேராக முகத்துக்கு வரும். புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தண்டின் முனைப் புரி நசுங்கினால் ஸ்டீரிங் வேலை போய் ஸ்டீரிங் பாக்ஸ் வேலை ஆகிவிடும்.

அடுத்தது பார்க்கவே மனசு கேட்காத வேலை: விரிசலை இன்னும் பெரிதாக்குவது. ஆக்ஸா பிளேடை நுழைத்து, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஆப்பு வடிவத்தில் இரும்பு தெரியும் வரை அறுக்க வேண்டும். முடி அகல விரிசலின் மேல் பசையைப் பூசினால் உள்ளே போகாது. போனாலும் அரை மில்லிமீட்டர் பசை முழு இழுப்பையும் தாங்க வேண்டும். அடுத்த மார்கழியில் அதே கோட்டில் பிளக்கும். அகலமாக்கினால் பசை பிடிக்கப் பரப்பு கிடைக்கிறது, இழுப்பும் பரவுகிறது. இரும்பின் துருவைச் சுரண்டிவிட்டு, பக்கச் சுவர்களை முரட்டு உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி விட்டால் இடம் தயார்.

நிரப்புவது எபாக்ஸி. 1940களில் ஸ்விஸ் நிறுவனமான சீபா ‘அரால்டைட்’ என்று இதை விற்கத் தொடங்கியது. நம் கடைகளில் எம்-சீல் என்று கேட்டால் கிடைக்கும் இருநிற மாவும் இந்த வகைதான். இரண்டு நிறமும் சம அளவு எடுத்து, கோடு கோடாகத் தெரியாமல் ஒரே நிறம் ஆகும் வரை பிசைய வேண்டும். கலக்காத கோடு இருந்தால் அந்த இடம் என்றைக்கும் காயாது. டிங்கர் பட்டறையில் பாடிக்குப் போடும் பட்டியை ஸ்டீரிங்கில் அப்புகிறவர்களைப் பார்க்கிறேன். அது தகரத்தின் மேல் மெல்லிய பூச்சாக நிற்பதற்குச் செய்தது. பிளாஸ்டிக்கை அது இறுகப் பிடிக்காது.

எபாக்ஸியில் சேலம் சமவெளிக்காரர்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. அது எந்த வெப்பத்தில் இறுகுகிறதோ, அதற்குச் சற்று மேலான வெப்பத்தில் இளகத் தொடங்கும். ஏசி அறையில் 25 டிகிரியில் காயவைத்த எபாக்ஸி, 53 டிகிரி ஸ்டீரிங்கில் ரப்பர் மாதிரி ஆகலாம். முதல் நாள் நிழலில் கெட்டியாக விட்டு, பிறகு சில நாள் மொட்டை மாடியில் தகரத்தின் மேல் வெயிலில் போட்டு எடுத்தால் உள்ளே மிச்சமிருக்கும் வினை முடிந்து இளகும் வரம்பு மேலே ஏறும். வெளிநாட்டுப் பட்டறைகள் இதற்கென்று அடுப்பு வைத்திருக்கின்றன. நமக்குப் பங்குனி, சித்திரை இருக்கிறது. மாடியில் போடும்போது தட்டையாகப் படுக்க வைப்பது முக்கியம். சூட்டில் பழைய பிளாஸ்டிக் தன் பாட்டுக்கு வளையும்.

பிறகு அரம், 80 நம்பர் உப்புத்தாள், 220, 400. பின்பக்கம் விரல் பதியும் பள்ளங்கள் உள்ள ஸ்டீரிங் என்றால் அங்கேதான் நேரமெல்லாம் போகும். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத மேடு தெரியும். கடைசியாக பிரைமர், பெயிண்ட். இங்கேயும் பஞ்சு வருகிறது. நம் பெயிண்டர்கள் இன்றும் ‘டூகோ’ என்று சொல்லும் பெயிண்ட் 1923இல் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. அது வரும் முன் ஒரு காருக்கு வார்னிஷ் அடித்துக் காய வாரக்கணக்கில் ஆனது. பாடிக்கு டூகோ அழகுதான். ஸ்டீரிங்குக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதன் தின்னர் அடியில் உள்ள அசிடேட்டைக் கரைக்கும், கை வியர்வையில் பூச்சும் சீக்கிரம் தேயும். ஹார்டனர் கலந்து அடிக்கும் இருபாகப் பாலியூரித்தேன் பெயிண்டே நல்லது, எபாக்ஸி பிரைமரை நடுவில் தடுப்பாக வைத்து.

பெயிண்ட் வேண்டாம், தோல் சுற்றலாம் என்கிறவர்களுக்கு நம் மாநிலத்திலேயே சரக்கு உண்டு. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் மதராஸ் மாகாணத்திலிருந்து ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆனது. குரோமியத்தில் பதனிடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் இங்கே பரப்பினார். ஸ்டீரிங்குக்கு எது? ஈரமான பட்டைத் தோல் ஏறக்குறைய 75, 80 டிகிரியில் சுருங்கத் தொடங்கும். குரோம் தோல் நூறு டிகிரி வரை தாங்கும். வியர்வையையும் குரோம் தோல் நன்றாகச் சமாளிக்கும். பட்டைத் தோல் கைபடக் கைபட நிறம் கூடி மெருகேறும் என்பது உண்மை. ஆனால் நம் வெயிலில் அது விறைத்தும் போகும். தோலை வளையத்தின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவாக வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். சரியான அளவில் வெட்டினால் ஒரு கோடையில் தொளதொளத்துச் சுழலும். நாமக்கல், சங்ககிரி லாரிகளில் கலர் கலராக ஒயர் பின்னிய ஸ்டீரிங்கைப் பார்க்கலாம். சிலருக்கு அது ஆடம்பரமாகத் தெரியும். பெரிய வளையத்தை ராத்திரி முழுக்கப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு அது வழுக்காத பிடி, வியர்வை தங்காத பிடி.

அழகுக்காகச் செய்யும் மாற்றங்களில் எனக்கு உடன்பாடில்லாதது ஒன்று உண்டு: பெரிய ஸ்டீரிங்கைத் தூக்கிவிட்டுச் சின்னதாக மாட்டுவது. இத்தாலிய நார்டி ஸ்டீரிங் போல மர விளிம்பும் மூன்று அலுமினியக் கம்பியுமாகப் பார்க்க ஜோராகத்தான் இருக்கும். பவர் ஸ்டீரிங் இல்லாத காலத்து வண்டியில் வளையத்தின் விட்டம்தான் டிரைவரின் நெம்புகோல். 17 அங்குலத்தை 14 ஆக்கினால் அதே திருப்பத்துக்குக் கை ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தள்ள வேண்டும். ஓடும்போது தெரியாது. சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நடுவே அம்பாசடரைப் பின்னால் எடுத்துத் திருப்பும்போது தோள்பட்டைக்குத் தெரியும்.

சட்டமும் இதில் தலையிடுகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் தாண்டிய, சொந்த உபயோக இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர் வரிசை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். நிபந்தனை, வண்டி பெரிய மாற்றமில்லாமல் தன் அசல் உருவில் இருக்க வேண்டும். விரிசலை அடைத்துப் பழைய வளையத்தையே மாட்டியவருக்கு இதில் கவலை இல்லை. கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போனால் ஒவ்வொரு வண்டியின் கண்ணாடி வழியாகவும் ஸ்டீரிங்கை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்து பாருங்கள். எந்தக் காலம், எந்த நாடு என்பதைப் போர்டு படிக்காமலே பாதி சொல்லிவிடலாம்.

எத்தனை நன்றாகச் செய்தாலும் பழைய ஸ்டீரிங் ஒரு விஷயத்தில் பழையதுதான். அதன் தண்டு ஒற்றைக் கம்பி. முன்பக்கம் மோதினால் அது பின்னோக்கி வந்து டிரைவரின் நெஞ்சில் இடிக்கும். மடங்கும் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல்களில் கொண்டுவந்தது. 1968 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு அந்தப் பாதுகாப்புத் தரம் கட்டாயமானது. அதற்கு முந்தைய வடிவமைப்பில் பிறந்த வண்டிகளில் வளையம் வளையுமே தவிர தண்டு மடங்காது. அதனால் பெயிண்டைப் பற்றி யோசிக்கும் முன் உள்ளிருக்கும் இரும்பைப் பார்க்க வேண்டும். கம்பி குடத்தோடு சேரும் பற்றவைப்பில் துரு ஆழமாக இறங்கியிருந்தால், எவ்வளவு அபூர்வமான ஸ்டீரிங்கானாலும் சுவரில் மாட்டிவிட்டு வேறு தேடுவதே சரி. இரும்பு நன்றாக இருந்தால் உளிக் கீறலைச் சேர்த்து வைத்து, நட்டை இறுக்கி, ஹாரன் ஒயரை மாட்டி, இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்துவிட்டு எடுக்கலாம். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஹாரன் பட்டனை மறுபடி கழற்றி நட்டை இன்னொரு முறை சோதிக்க வேண்டும்; பல்காடி தன் இடத்தில் அமரும்போது நட் கொஞ்சம் தளரும்.